வந்த அழைப்பும் போகாத அழைப்பும்

தலைநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் வீட்டு டெலிபோனை இன்னும் விடாமல் வைத்திருப்போர் சிலரே ஆவர். ஆளுக்கொரு கைபேசி இருக்கையில் சுவரோரத்தில் இப்படி ஒரு கருவி எதற்கு என்று நம்மைக் காண வருவோர் கேட்பதுண்டு. ‘அது நமக்காக அன்று, அம்மாவுக்காக’ என்பதே நாம் கூறும் மறுமொழி. நம் அன்னையார்க்கு வயது எண்பத்து மூன்று. கைபேசியின் கண்ணாடித் தகட்டின்மேல் அவர் விரல் வைத்தால் எந்தப் படம் எங்கே ஓடும் என்பது எவர்க்கும் தெரியாது. பொத்தான் என்றால் அழுத்தும்போது அமிழ வேண்டும், விட்டால் எழ வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு இணங்கிய கருவி, நம் தந்தையார் 1992ஆம் ஆண்டில் வாங்கிய சாம்பல் நிறப் பொத்தான் டெலிபோன் ஒன்றே. தந்தையார் மறைந்தபின் அன்னையார் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு மயூர் விகாரில் உள்ள நம் குடியிருப்புக்கு வந்தபோது, குத்துவிளக்கோடும் அஞ்சறைப்பெட்டியோடும் அந்த டெலிபோனும் புடைவைகளுக்கு நடுவே பொதிந்து வந்து சேர்ந்தது.

நாமும் நம் மனைவியாரும் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் புறப்பட்டால் இரவு விளக்கேற்றிய பின்னரே திரும்புவோம். பையன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஆகவே பகல் முழுதும் அன்னையார் தனியே இருப்பார். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் அவர் பேசும் இந்தி, ‘கித்னா’, ‘அச்சா’, ‘பஸ்’ என்னும் மூன்று சொற்களுக்குள் அடங்கும். எஞ்சியதைக் கைகளே பேசிவிடும். பிற்பகல் மூன்று மணி அடித்ததும் டெலிபோன் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கும்பகோணத்தில் இருக்கும் தம் தங்கையாரை அழைப்பார். அவர் நமக்குச் சின்னம்மா. காவிரியில் தண்ணீர் வந்ததா, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்ததா, மாவடு என்ன விலை என்பன போன்ற செய்திகள் அரைமணி நேரம் நடைபெறும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் அதனை அருகிருந்து கேட்டிருக்கிறோம். அந்த அரைமணிக்காகவே அன்னையார் மற்றைய இருபத்துமூன்றரை மணியையும் டில்லியில் கழிக்கிறார் என்று நமக்கு அப்போதெல்லாம் தோன்றும்.

இந்த ஏற்பாட்டுக்கு 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் இடையூறு நேர்ந்தது. நம் குடியிருப்பில் மண்ணுக்கடியில் ஓடிய பழைய செம்புக் கம்பி வரவரப் பழுதாகி, மழை பெய்தால் கரகர என்று இரையத் தொடங்கிற்று. அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபைபர் வழியே இணையமும் அதனோடு டெலிபோனும் தரும் ஒரு கம்பெனியின் இணைப்பைப் பெற்றோம். அவர்கள் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் பொருத்தி, அதன் முதுகில் இருந்த துளையில் நம் சாம்பல் நிற டெலிபோனின் கம்பியைச் செருகிச் சென்றனர். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தோம். வழக்கமான ‘டர்ர்’ ஒலி கேட்டது. அன்று மாலையே சின்னம்மாவின் மகன் அழைத்தான், மணி ஒலித்தது, குரலும் பழையதினும் தெளிவாகக் கேட்டது. நாம் மனநிறைவோடு அலுவலகம் போய் வந்துகொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் இரவு அன்னையார் சொன்னார்: “தம்பி, இது வந்தால் பேசுகிறது, நான் கூப்பிட்டால் போக மாட்டேன் என்கிறது.”

நாமே எடுத்து எண்களை அழுத்திப் பார்த்தோம். எத்தனை எண்ணை அழுத்தினாலும் அதே ‘டர்ர்’ ஒலி, உள்ளே ‘கிட்கிட்’ என்ற சிறு சத்தத்தோடு, நின்றபாடில்லை. சிறிது நேரம் கழித்து, விட்டுவிட்டு ஒலிக்கும் ‘பீப் பீப்’ ஒலியாக அது மாறிற்று. அவ்வளவே.

கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். பெட்டியில் எரியும் விளக்குகளைப் பார்த்தார். ஒளி வராவிட்டால் சிவப்பாக எரியும் விளக்கு ஒன்று உண்டாம், அஃது எரியவில்லை. ஃபைபரின் முனையைக் கழற்றி ஒரு சிறு கருவியில் செருகி, உள்ளே வரும் ஒளியின் அளவையும் பார்த்து, நன்று என்றார். பின்னர்த் தம் கைபேசியை எடுத்து நம் வீட்டு எண்ணை அழைத்தார். மணி கணகணவென்று ஒலித்தது. ‘பாருங்கள், டெலிபோன் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகாத அழைப்பைப் பற்றிய புகாருக்கு, வந்த அழைப்பைச் சான்றாகக் காட்டித் தீர்வு எழுதிய அவர் திறமையை என்னென்பது! அந்நேரத்தில் நாம் அலுவலகத்தில் இருந்தோம். அன்னையார்க்கு அவரிடம் மறுத்துச் சொல்ல மொழி இல்லை. ‘அச்சா’ என்றாராம்.

அவ்விளைஞரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. அழைப்பு வருவதும் போவதும் ஒரே கம்பியில் நிகழும் இரண்டு திசைகள் என்று நாமும் எண்ணியிருந்தோம். உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு காரியங்கள். இணைய வழி டெலிபோனில் சுவரில் உள்ள பெட்டி, கம்பெனியின் கணினிக்குக் குறித்த இடைவெளிகளில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதனைப் பதிவு என்பர். இதற்கெல்லாம் சிப் என்று ஒரு நெறி உண்டு. இன்று வழங்கும் அதன் வடிவம் 2002ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. நம்மை எவரேனும் அழைத்தால், பதிவைப் பார்த்துக் கணினி நம் பெட்டியைத் தட்டும். பெட்டி மணியை அடிக்கும். இதில் நாம் செய்ய வேண்டியது ரிசீவரை எடுப்பது ஒன்றே.

நாம் அழைப்பதோ அப்படியன்று. நாம் அழுத்தும் எண்களைப் பெட்டி முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எண் முடிந்ததா, இன்னும் வருமா என்று தீர்மானிக்க வேண்டும். பின்னர் அதனைக் கணினிக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு வெளியே பேச உரிமை உண்டா, பாக்கி ஏதும் நிற்கிறதா என்று கணினி பார்க்க வேண்டும். எண் சரியான அமைப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனை வாயில்களுள் எந்த ஒன்று அடைபட்டாலும் அழைப்பு போகாது. ஆனால் மணி மட்டும் வழக்கம்போல் ஒலித்துக்கொண்டிருக்கும். ரிசீவரில் கேட்கும் ‘டர்ர்’ ஒலியும் முன்னாளில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததுபோல் வெகுதூரத்திலிருந்து வருவதன்று. பக்கத்தில் இருக்கும் பெட்டியே எழுப்புவது. அதனைக் கேட்டு, அப்பால் எல்லாம் நலம் என்று முடிவு கட்டலாகாது.

நிற்க. கம்பெனியின் உதவி எண்ணைக் கைபேசியில் அழைத்தோம். பெட்டியை அணைத்து ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். பணம் பாக்கியா என்று கேட்டார்கள், இல்லை. வெளியே போகும் அழைப்புக்குத் தடை போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு செய்தி மட்டும் நம் கைபேசிக்கு வந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சின்னம்மாவோடு பேச முடியாமை ஒரு புறம் இருக்கட்டும். பகலில் தனியே இருக்கும் அன்னையார்க்குத் திடீரென்று மயக்கம் வந்தால், நம்மையோ அவசர உதவிக்கான 112ஐயோ அவர் எப்படி அழைப்பார்? நாம் அலுவலகத்திலிருந்து நண்பகலில் அழைத்து, ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்கும்போது மணி ஒலிக்கும், அவர் எடுப்பார், நாம் நிம்மதியடைவோம். அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. வேறொருவர் வந்தார், சற்று வயது முதிர்ந்தவர். முன்பு செம்புக் கம்பி இணைப்புகளில் பல ஆண்டு வேலை பார்த்தவராம். அவர் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தம் பையிலிருந்து ஒரு டெலிபோனை எடுத்து, நம்முடையதைக் கழற்றிவிட்டு அதனைச் செருகி எண்களை அழுத்தினார். அழைப்பு போயிற்று! உடனே நம் சாம்பல் நிற டெலிபோனைக் கையிலெடுத்துத் திருப்பினார். அதன் அடிப்புறத்தில் நகத்தளவு விசை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ‘டி’ என்றும் மறுபக்கம் ‘பி’ என்றும் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து காணப்பட்டன. விசை ‘பி’யில் நின்றது. பேனா முனையால் அதனை ‘டி’க்குத் தள்ளினார். “இப்போது பேசுங்கள், மாதாஜி” என்று ரிசீவரை அன்னையாரிடம் நீட்டினார்.

அந்த இரண்டு எழுத்தின் கதை இதுதான். பழைய முறையில், எண் என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுவது. ஐந்து என்றால் ஐந்து வெட்டு, பூஜ்யம் என்றால் பத்து வெட்டு. விநாடிக்குப் பத்து வெட்டு என்பது வேகம். விரல் நுழைத்துச் சுழற்றும் கறுப்பு டெலிபோனில், விட்டதும் தட்டு திரும்பி வரும்போது கேட்குமே ‘கடகட’ சத்தம், அது இந்த வெட்டுதான். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொத்தான் டெலிபோன் நடைமுறைக்கு வந்தது. அதில் வெட்டு இல்லை, சுருதி. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து எழுப்பும். ஐந்தை அழுத்தினால் விநாடிக்கு 770 அதிர்வுள்ள ஒன்றும் 1,336 அதிர்வுள்ள மற்றொன்றும் சேர்ந்து ஒலிக்கும். நம் நாட்டில் 1992இல் சில ஊர் எக்ஸ்சேஞ்சுகள் வெட்டை மட்டுமே அறியும். சில இரண்டையும் அறியும். ஆகவே அக்காலத்துக் கருவிகளில் இருவகைக்கும் விசை வைத்தனர். கும்பகோணத்தில் நம் தந்தையாரோ, பொருத்த வந்தவரோ அதனை ‘பி’யில் வைத்திருக்கிறார்கள். டில்லியில் நம் பழைய இணைப்பின் எக்ஸ்சேஞ்சு இரண்டையும் புரிந்துகொண்டதால் எவரும் அதனைத் தொட நேரவில்லை. புதிய வெள்ளைப் பெட்டியோ சுருதி ஒன்றையே அறியும். வெட்டு அதன் காதில் விழாது. இன்றைய பெட்டிகளுள் பல இத்தகையனவே. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கருவி ஒரு மொழியைப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கும் ஆள் மாறிவிட்டதை அது அறியவில்லை.

நாம் உடனே சென்னையில் உள்ள மைத்துனர் வீட்டுக்கு 044 என்று தொடங்கி அழுத்திப் பார்த்தோம். மறுமுனையில் மைத்துனர் பேசினார். பெரியவருக்குக் காப்பி கொடுத்தனுப்பிவிட்டு, ‘டெலிபோன் சரியாகிவிட்டது’ என்று அறிவித்தோம். இந்த இடத்தில்தான் நாம் தவறினோம். அத்தவறு கம்பெனியுடையதன்று, முழுதும் நம்முடையதே.

அதே வாரத்தில் கும்பகோணத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்திருந்தது. சின்னம்மாவின் வீட்டுக் கம்பி இணைப்பையும் நீக்கிவிட்டு, அவர் மகன் அவர்க்குப் பெரிய எழுத்துள்ள கைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அதன் எண்ணை நம் கைபேசிக்கு அனுப்பினான். நாமும் அந்தப் பத்து எண்களை அப்படியே ஒரு அட்டையில் மையினால் பெரிதாக எழுதி, தினசரிக் காலண்டருக்குக் கீழே, 0435இல் தொடங்கிய பழைய எண்ணை அடித்துவிட்டு ஒட்டினோம். மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடிய எழுத்து. நம் கையெழுத்தைக் குறித்து நமக்குப் பெருமையும் உண்டாயிற்று.

அதற்குப்பின் ஒன்பது நாள் சென்றன. அன்னையார் டெலிபோனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சற்றே வாட்டமாக இருந்தார். வெயில் கடுமை என்று நினைத்தோம். டில்லியில் மே மாதத்து வெயிலின் தலையில் எதனையும் போட்டுவிடலாம்.

பத்தாம் நாள் நண்பகலில், சின்னம்மாவின் மகன் நம்மை அலுவலகத்தில் அழைத்தான். “அண்ணே, பெரியம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா கேட்கச் சொன்னார்கள். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பெரியம்மா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்” என்றான். நமக்குத் திகைப்பாகிவிட்டது. ஆபரேஷன் நாள் அன்னையார்க்குத் தெரியும். அன்று காலையில் கூப்பிட்டுத் தைரியம் சொல்கிறேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்ததும் நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு குடும்பச் செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் தாய்வீட்டை விற்றபோது பங்கு குறித்துச் சகோதரிகள் இருவர்க்கும் மனத்தாங்கல் உண்டாகி, நான்கு மாதம் பேச்சு நின்றிருந்தது. பிறகு ஒரு பொங்கலன்று பேச்சு தொடங்கி, பழைய நிலை திரும்பியது. திரும்பிய நிலை மெல்லிய நூலில் நிற்பது என்பதை இருவரும் அறிவர். ஆகவேதான் அந்த மூன்று மணிப் பேச்சு ஒருநாளும் தவறியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டோம். அன்னையார் முதலில் பேசவில்லை. பிறகு, “அவள்தான் எடுக்கவில்லையே. ஆபரேஷன் அன்று மட்டும் பதினொரு தடவை போட்டேன். யாரோ ஒருத்தி இந்தியில் ஏதோ சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே குரல். என்னோடு பேசப் பிரியமில்லையென்று ஏற்பாடு செய்துவிட்டாள் போலிருக்கிறது” என்றார். அந்தக் குரல் என்ன சொல்லிற்று, ஒரு சொல்லேனும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். சற்றுத் தயங்கினார். “சொல்லவே நன்றாயில்லை. சூனியம், சூனியம் என்கிறாள். நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு யார் மேற்கொண்டு நிற்பார்கள்? உடனே வைத்துவிடுவேன்” என்றார்.

அன்பர்களுக்கு விளங்கியிருக்கும். இந்தியில் ‘சூன்ய’ என்றால் பூஜ்யம். எண்ணுக்கு முன்னே ஒரு பூஜ்யம் சேர்த்து அழையுங்கள் என்பதே அந்தப் பெண்குரல் சொன்ன செய்தி. பழுது என்ன, அதற்குப் பரிகாரம் என்ன என்பதைக் கருவியே அன்னையார் காதில் அன்று பதினொரு முறை ஓதியிருக்கிறது! இந்திக்குப்பின் ஆங்கிலத்திலும் ஓதியிருக்கும்; அதுவரை அவர் காத்திருக்கவில்லை; காத்திருந்தாலும் பயனில்லை. வணங்கத்தக்கது என்று ஒலிக்கும் பெயரால் நாம் அந்த வட்டத்தைப் பூஜ்யம் என்கிறோம். இவ்வூரார் வெறுமை என்னும் பெயரால் அதனையே சூன்ய என்கின்றனர். நம் ஊர்ப் பெண்டிர்க்கோ சூனியம் என்றால் வைப்பதும் எடுப்பதும் மட்டுமே தெரியும்.

பூஜ்யத்தின் முறை பின்வருமாறு: வீட்டு டெலிபோனிலிருந்து வெளி மாநிலத்துக் கைபேசியை அழைக்க நெடுங்காலமாகவே முன்னால் பூஜ்யம் வேண்டும். உள்ளூர் வட்டத்துக் கைபேசிகளுக்கு மட்டும் வேண்டியதில்லை என்றிருந்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் முதல் அந்த விலக்கும் நீங்கி, நாட்டின் எந்தக் கைபேசியை அழைத்தாலும் பூஜ்யம் கட்டாயம் ஆயிற்று. இவ்வாறு செய்ததால் எதிர்காலத்துக்கென்று மேலும் 254.4 கோடி எண்கள் கிடைக்கும் என்று அரசாங்கம் அப்போது தெரிவித்தது. கைபேசியிலிருந்து கைபேசியை அழைப்போர்க்கு இத்தொல்லை இல்லை. பத்து எண்ணே போதும். நாம் கைபேசியிலேயே வாழ்பவர்கள். ஆதலின் பத்து எண்ணை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டோம். சோதனை பார்த்தபோது சென்னை வீட்டின் 044ஐ அழுத்தினோம். அதன் தலையிலேயே பூஜ்யம் இருந்ததால் அது தடையின்றிப் போயிற்று. அன்னையார் எந்த எண்ணை அழைப்பார் என்று கேட்டு, அவர் கையாலேயே அதனை அழுத்தச் செய்து பார்த்திருந்தால் ஒன்பது நாளும் மிஞ்சியிருக்கும். நாம் நமக்குத் தெரிந்த எண்ணை, நம் விரலால் அழுத்தி, அவர் டெலிபோன் சரியாயிற்று என்று முடிவு செய்தோம். முதல் நாள் வந்த இளைஞர் செய்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஏன் சொல்லவில்லை என்று அன்னையாரைக் கேட்டதற்கு, “டெலிபோன்தான் சரியாகிவிட்டது என்று நீயே சொன்னாயே. பிறகும் போகவில்லை என்றால் அது மனுஷர் கோளாறுதானே?” என்றார். இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

எழுபதுகளில் நம் தந்தையார் கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பகல் முழுதும் காத்திருந்ததை அன்னையார் அடிக்கடி சொல்லுவார். நேரடியாக வெளியூர் எண்ணை அழைக்கும் முறை நம் நாட்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. எனினும் அது எல்லா ஊர்க்கும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அந்நாளில் எக்ஸ்சேஞ்சில் இருந்து பேசும் அம்மாள், ‘லைன் கிடைக்கவில்லை, இன்னும் ஒரு மணியாகும்’ என்று சலிப்போடு சொல்லுவாராம். சலிப்பாயினும் தமிழில் சொல்லுவார். ‘ஏன் அம்மா?’ என்று திருப்பிக் கேட்கலாம். இன்றைய அம்மாளின் குரல் தேன் போன்றது. ஆனால் திருப்பிக் கேட்க வழியில்லை.

அன்றிரவே அட்டையை எடுத்து, பத்து எண்களுக்கும் முன்னே சிவப்பு மையால் ஒரு பூஜ்யம் போட்டோம். அன்னையார் கையாலேயே அழுத்தச் சொன்னோம். கடைசி எண்ணை அழுத்தியதும் நான்கைந்து விநாடி ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் வாடிற்று. ரிசீவரை வைக்கப் போனார். எண் முடிந்ததா இன்னும் வருமா என்று பெட்டி காத்திருக்கும் நேரம் அது. கடைசியில் ஹேஷ் என்னும் நாற்கோட்டுப் பொத்தானை அழுத்தினால் பல பெட்டிகள் காத்திராமல் உடனே அனுப்பிவிடும். இதனைப் பிற்பாடு அறிந்தோம். அந்த நேரத்தில், ‘வைக்க வேண்டாம், பொறுங்கள்’ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். மணி ஒலிக்கும் ஓசை கேட்டது. பின்னர், “அக்கா?” என்ற குரல் நமக்கும் கேட்டது.

நாம் அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிட்டோம். ஆயினும் காதில் விழுந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இருவரும் முதலில் ஒன்றுமே பேசவில்லை. இணைய வழியில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, 64,000 எண்குறிகளாக ஆக்கி, பெரும்பாலும் விநாடிக்கு ஐம்பது பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த முதல் நிமிடத்தில் மயூர் விகாரிலிருந்து கும்பகோணம் சென்ற பொட்டலங்கள் அனைத்திலும் மூக்கை உறிஞ்சும் ஓசையே இருந்திருக்கும். பிறகு சின்னம்மா ஏதோ கேட்டார் போலும். “டெலிபோன் ரிப்பேர்” என்று மட்டும் அன்னையார் சொன்னார். சூனியத்தைப் பற்றியோ, ஏற்பாடு செய்துவிட்டாள் என்று எண்ணியதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. கண்ணில் மருந்து எத்தனை வேளை விடுகிறாய் என்று தொடங்கி, ஒரு மணி நேரம் பேசினார்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, சுமார் 48 வோல்ட் அளவில், அந்தக் கம்பி வழியாகவே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் டெலிபோன் பேசும். கண்ணாடி இழையில் ஒளி வருமேயன்றி மின்சாரம் வராது. வீட்டில் மின்சாரம் நின்றால் வெள்ளைப் பெட்டி உறங்கும். அதனோடு டெலிபோனும் உறங்கும். ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றபோது இதனைக் கண்டோம். பெட்டிக்கென்று 12 வோல்ட் தரும் சிறு பாட்டரி ஒன்றைக் கடையில் வாங்கி இடையே இணைத்துவிட்டோம். பெட்டியின் அடியில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்து வாங்குதல் வேண்டும். தனியே முதியோர் இருக்கும் இல்லங்களில் இதனை முதலில் செய்துவிட்டுப் பிறகு மற்றவற்றைக் கவனிப்பது நல்லது.

நம் குடியிருப்பில் வீட்டு டெலிபோன் வைத்திருக்கும் தமிழ் இல்லங்கள் இன்னும் மூன்று உண்டு. சென்ற ஞாயிறன்று அம்மூன்றுக்கும் போய், சுவரில் ஒட்டியிருக்கும் எண்களைப் பார்த்து வந்தோம். இரண்டு இல்லங்களில் பூஜ்யம் இல்லை. ஒரு வீட்டுப் பாட்டியார், மூத்த மகள் மூன்று மாதமாகப் பேசுவதில்லை என்று நம் அன்னையாரிடம் முன்பே குறைப்பட்டிருந்தார். சிவப்பு மைப் பேனாவைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். அன்னையாரும் உடன் வந்திருந்தார். பூஜ்யத்தை அவர்தாம் போட்டார்.